கொடுக்காமல் நின்ற கரை

இந்த மாதிரி எழுத்தை ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுதான் முறை. ஆனால் தூத்துக்குடிப் பக்கம் நம் வேலையில் இதுவரை யாரும் ஓய்வு பெறவில்லை. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென்று இங்கே ஒரு வகுப்பு வந்ததே சமீபத்தில்தான். வந்த நாளில் சேர்ந்தவன் நான். இப்போது கோவில்பட்டிப் பக்கம் இதேபோல் ஒன்று தொடங்கக் கிளம்புகிறேன். என் இடத்துக்கு வந்திருக்கும் உங்கள் சான்றிதழில் மை மணம்கூட இன்னும் போகவில்லை. எனக்கு முப்பது வயது ஆகவில்லை. இருந்தாலும் இருப்பவர்களில் நான்தான் கிழவன். சொல்லும் உரிமையை எடுத்துக்கொள்கிறேன்.

எதை எப்போது கற்பிப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். நமக்குப் பயிற்சியில் சொல்லித்தரும் முறைகள் சரியானவை. நான் அவற்றைச் சந்தேகப்பட்டவன் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் அவை கதவு சாத்திய அறைகளில் சோதித்துப் பார்க்கப்பட்டவை. நம் பிள்ளைகளின் வாழ்க்கைக்குக் கதவு கிடையாது. அதனால் வந்த ஒரு நெருக்கடியைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்தார்கள். பயிற்சி முடித்து ஊர் திரும்பிய அன்று, கால் வெடிப்பில் எண்ணெய் தடவிக்கொண்டே அப்பா கேட்டார்: "அங்கன என்னலே படிச்சுக் குடுத்தாவ?"

"பிள்ளை தானாக் கேக்குற வரைக்கும் குடுக்காமக் காத்திருக்கணும்னு படிச்சேன்ப்பா."

"இதுக்கா இத்தன மாசம்? எங்க மொதலாளிக்கு இது பொறந்ததுல இருந்தே தெரியுமேலே. கேட்டாலும் குடுக்க மாட்டாரு."

அம்மா சிரித்து ஓயவில்லை. எனக்கு ரோஷமாக இருந்தது. ஏனென்றால் எங்களுக்குப் பாடம் எடுத்த அம்மையார் அதைச் சொன்ன விதம் அப்படி. பேசாத பிள்ளை பேசாமலே இருப்பதற்கு நம் கையின் வேகமும் ஒரு காரணம், பிள்ளையின் கை எழும்புமுன் நம் கை எழும்பிவிடுகிறது என்பார். ஒரு தம்ளர் தண்ணீரைப் பிள்ளையின் கண்ணுக்கு முன் நீட்டுங்கள். வாயை மூடிக்கொண்டு முகத்தைப் பாருங்கள். காத்திருங்கள். பிள்ளையிடமிருந்து ஓர் ஒலி, ஒரு சைகை, எது முதலில் வந்தாலும் அந்த நொடியே கொடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அழுகைக்குக் கொடுத்தால், அழுகைதான் அந்தப் பிள்ளையின் சொல்லாகிவிடும். ஆய்வுகளில் கண்டதை அவர் இப்படித்தான் எங்கள் கையில் தந்தார். நான் அதைப் பொன்போல மடியில் முடிந்துகொண்டு வந்தேன்.

புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலம். நம் வகுப்பின் ஜன்னல் தெருவைப் பார்த்தது; கல் ஏற்றிய லாரிகள் போனால் கரும்பலகை அதிரும். அந்த வகுப்புக்கு ரீத்தா வந்தாள். பத்து வயதுப் பெண். காது கேட்கும், சொன்னது ஓரளவு புரியும். பேச்சு இல்லை, சைகையும் இல்லை. அவளுடைய அம்மா செசீலி அக்கா மீன் விற்பவர். தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து காலை பஸ்ஸில் மீன் கூடையோடு வருவார். ரீத்தாவை நம்மிடம் விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போவார். ரீத்தாவின் அப்பா தோணியில் வேலை, மாதக்கணக்கில் வெளியூர்க் கடலில் இருப்பார்.

ஒருநாள் செசீலி அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார். போகவில்லை.

"சார், வயித்துல கட்டியாம். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரில அறுக்கணும்னு சொல்லுதாவ. ஊர்த் திருநாள் முடிஞ்சதும் போணும். இவள மணப்பாட்டுல என் தங்கச்சிகிட்ட விடணும்."

"விடுங்கக்கா. தங்கச்சி பாத்துக்க மாட்டாங்களா?"

"பாப்பா. அவளுக்குக் கைப்பிள்ள ரெண்டு. போன வருசம் ஒரு கல்யாணத்துக்குப் போவையில ஒரு பகல் விட்டுட்டுப் போனேன். சாயந்தரம் வந்து பாத்தா பிள்ள வெயில்ல சுருண்டு கெடக்கு. ஒதடு வெடிச்சிருக்கு. அன்னைக்கு பூரா ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. இவளுக்குக் கேக்கத் தெரியாது, அவளுக்குக் குடுக்கத் தோணல. எனக்குன்னா மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சிரும். என் மொகத்தையா நான் மணப்பாட்டுல விட்டுட்டுப் போவ முடியும்?"

திருநாளுக்குள் ரீத்தா தண்ணீர் கேட்க வேண்டும். அவ்வளவுதான். எழுத்து வேண்டாம், எண் வேண்டாம். அதை மட்டும் செய்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதல் தடை வகுப்புக்குள்ளேயே இருந்தது. நம் ஆயா ஞானப்பூ தங்கமான மனுஷி. நான் தம்ளரை நீட்டிக்கொண்டு காத்திருந்தால், பின்னாலிருந்து இன்னொரு தம்ளர் வந்துவிடும்.

"பச்சத் தண்ணிதான சார். குடுத்தா என்ன கொறஞ்சா போவும்?"

விளக்கிச் சொன்னேன். தலையாட்டினார். மறுநாளும் தம்ளர் வந்தது. விளக்கம் வேலைக்கு ஆகாது என்று தெரிந்ததும், என் தம்ளரை அவர் கையிலேயே கொடுத்தேன். "இனிமே நீங்கதான் காத்திருக்கணும். நான் பக்கத்துல இருக்கேன்." ஞானப்பூ தம்ளரை நீட்டி உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டார். "கையச் சும்மா வச்சிருக்கது பாத்திரம் வெளக்குறதவிடக் கஷ்டம் சார்" என்று அவரே சொன்ன பிறகுதான் அந்தக் கை நம் பக்கம் வந்தது. எந்த முறையை யார் கெடுக்கிறார்களோ, அந்த முறையை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். அறிவுரையைவிட இது பலன் தரும்.

பிள்ளையைத் தாகத்தில் வைத்துப் பழக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். வயிறு நிறையக் குடித்த பிறகு, சும்மா ஒரு மடக்கு ஆசைக்குத்தான் இந்தப் பழக்கம். கொஞ்ச நாளில் ரீத்தாவின் விரல் வந்து ஞானப்பூவின் கையைத் தொட்டது. பிறகு தொண்டையிலிருந்து "ம்" என்று ஒரு சத்தம். வெள்ளிக்கிழமை வந்தால் அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை வந்தால் ஒன்றும் தெரியாது, கல்லாக நிற்பாள். மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். வெள்ளிக்கிழமை வரும், திங்கட்கிழமை வரும். சனி ஞாயிறில் என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அதற்குள் ஜன்னல் வேலையைக் காட்டியது. தெருவில் போன யாரோ, தண்ணீரை நீட்டிக்கொண்டு கொடுக்காமல் உட்கார்ந்திருக்கும் எங்களைப் பார்த்திருக்கிறார்கள். பேச்சு மார்க்கெட்டுக்குப் போய், அங்கிருந்து பஸ் ஏறி ரீத்தாவின் ஊருக்கே போய்விட்டது. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். நாசரேத்துக்காரர், குரலை உயர்த்தாமலே பயப்பட வைப்பார்.

"தம்பி, உங்க ஆராய்ச்சிய நான் குறை சொல்லல. ஆனா 'பிள்ளைக்குத் தண்ணி குடுக்காத பள்ளிக்கூடம்'னு ஒரு பேர் வந்துட்டா, கரைப்பக்கத்துல இருந்து இனிமே ஒரு பிள்ளை வராது. அந்த ஊர்க்காரங்க சரின்னு சொன்னாச் செய்யுங்க. இல்லேன்னா நிறுத்திடுங்க."

அன்று மாலை செசீலி அக்கா வந்தார். முகம் இறுகியிருந்தது. "ஊருல என்னத்தையோ சொல்லுதாவ. நெசமா சார்?" என்றார். ஞானப்பூவைப் பார்த்தேன். ஞானப்பூ தம்ளரை எடுத்து நீட்டினார். அன்று வெள்ளிக்கிழமை, நம் அதிர்ஷ்டம். ரீத்தா வந்தாள், அந்தக் கையைத் தொட்டாள், "ம்" என்றாள், வாங்கிக் குடித்தாள்.

செசீலி அக்கா கூடையின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். "இவ இது வரைக்கும் என்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல சார்" என்றார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு, "நாளைக்குக் கரைக்கு வாங்க. எம் மக அங்கன எப்படி இருக்கான்னு வந்து பாருங்க" என்றார்.

சனிக்கிழமை போனேன். வள்ளங்கள் கரை ஏறிக்கொண்டிருந்தன. ரீத்தா ஈரமணலில் நின்றாள். முதல் வள்ளத்திலிருந்து இறங்கியவர் வலையைத் தொடுமுன் ஒரு காரல் மீனை எடுத்து அவள் கையில் வைத்தார். அடுத்த வள்ளம், அடுத்த மீன். அவள் யாரையும் பார்க்கவில்லை. வெள்ளியாக மின்னும் மீனை மட்டும் பார்த்தாள். கரையிலிருந்து வீட்டுக்கு நடந்தால் வாசலுக்கு வாசல் ஒரு செம்பு தண்ணீர், ஒரு துண்டு பலகாரம். வாயருகே நீட்டுவார்கள், அவள் வாயைத் திறப்பாள். அந்த ஊருக்கே அவளுக்காகத் தாகம் எடுத்துக்கொண்டிருந்தது. அவளுக்குத் தாகம் எடுக்க இடமே இல்லை. திங்கட்கிழமைகளின் மர்மம் அதுதான்.

நான் ஒரு வள்ளத்தின் அருகில் போய்ப் பேசத் தொடங்கினேன். அதன் சொந்தக்காரர் மிக்கேல் அண்ணாச்சி, கரையில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். பயிற்சியில் கேட்டதையெல்லாம் சொன்னேன். மூளை எப்படிப் பழகுகிறது என்பதுவரை சொன்னேன். வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டே அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, நீரு உப்பளத்துப் பிள்ளன்னு கேள்விப்பட்டேன். ஒம்ம உப்பு கரையிலயே வெளையுது, எங்க சோறு அங்கன கெடக்கு." கடலைக் காட்டினார். "இந்த மாதிரிப் பிள்ளைய எங்க கரையில கேக்க விட மாட்டோம். கேக்க வச்சுக் குடுத்தா, கடல் நம்மளக் கேக்க வச்சிரும்."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர், "தண்ணி காட்டுத வாத்தியாருன்னா இவருதானா? மாட்டுக்குக்கூட நாங்க காட்டிட்டுக் குடுத்துருவோமே" என்றார். சிரிப்பு எழுந்தது.

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. அது மூடநம்பிக்கை என்று சண்டை போடலாம். இந்த ஊரில் முறை பலிக்காது என்று திரும்பிவிடலாம். நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம்; இரண்டிலும் பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான் இரண்டுக்கும் நடுவில் நின்றபோது செசீலி அக்கா முன்னே வந்தார்.

"மிக்கேல் அண்ணாச்சி, நீங்க குடுத்த மீனத் தின்னுதான் எம் மக வளந்தா, நான் மறக்கல. நான் ஆஸ்பத்திரில கெடக்கையில இவ கேக்கத் தெரியாம நாக்கு வறண்டு கெடந்தா, கடல் யாரைக் கேக்கும்? ஒங்களையா, என்னையா?"

சிரிப்பு நின்றது. மிக்கேல் அண்ணாச்சி நண்டை விட்டுவிட்டார். ஆனாலும், "குடுக்காம எப்படிளா நிக்க?" என்றார். அதில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது.

அந்தக் கேள்விதான் எனக்கு வழி காட்டியது. அவருக்கு முடியாதது கொடுக்காமல் இருப்பது. முறைக்கு வேண்டியது கொடுக்காமல் இருப்பது அல்ல, காத்திருப்பது. இரண்டும் ஒன்று என்று அதுவரை நானே நினைத்திருந்தேன்.

"அண்ணாச்சி, நீங்க குடுத்திருங்க. எப்பவும் போல அவ கேக்குறதுக்கு முன்னாடியே கைய நீட்டிருங்க. நீட்டினாக் குடுத்த மாதிரிதான? ஆனா அவ கையில கொண்டு வைக்க வேண்டாம். வந்து வாங்குறத மட்டும் அவளுக்கு விட்டுக் குடுங்க."

அவர் கடலைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்தார். "நீட்டின கை குடுத்த கைதான்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"அவ வாரதுக்குள்ள மீன் நாறிப்போனா வாத்தியாரு தின்பாரா?" என்றார் மிக்கேல் அண்ணாச்சி. அவர் சம்மதித்துவிட்டார் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை கரை முழுக்கச் செய்தி தெரிந்திருந்தது. மிக்கேல் அண்ணாச்சியின் வள்ளம் முதலில் வந்தது. ஒரு காரலை எடுத்தார், கையை நீட்டினார், நின்றார். ரீத்தா தன் கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். மீன் வரவில்லை. அவளுக்கு அது புரியவில்லை. கையை உதறினாள். பிறகு கத்தினாள். அப்படி ஒரு கத்தலை நான் வகுப்பில் கேட்டதில்லை. மணலில் விழுந்து புரண்டாள், மணலை அள்ளி வீசினாள். வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள்.

"ஏ மிக்கேலு அண்ணாச்சி, ஒமக்கு நெஞ்சு இருக்கா? குடுத்துத் தொலையும்வே."

"அந்த வாத்தியானப் பிடிச்சுக் கடல்ல தள்ளுங்க. அவன் கேக்குற வரைக்கும் தூக்காதிய."

இது வரும் என்று எனக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பழைய வழி அடைபடும்போது பிள்ளை அதே வழியை இன்னும் வேகமாக முட்டும். அடங்குவதற்கு முன் ஏறும். சொல்லியிருந்தார்கள்தான். ஆனால் சுற்றி ஓர் ஊரே நின்று திட்டும்போது எப்படி நிற்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. இந்தக் கத்தலுக்குக் கொடுத்தால், மணப்பாட்டில் அவள் கத்துவாள். கைப்பிள்ளைக்காரி அதைச் சேட்டை என்று நினைத்துக் கதவைச் சாத்துவாள். கொடுக்காமல் போனால், இந்தக் கரை இனி எங்களை நம்பாது. செசீலி அக்காவைப் பார்த்தேன். அவர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பி நின்றார். திரும்பிப் பார்த்தால் தன் கை போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் நிற்கும்வரை நானும் நிற்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மிக்கேல் அண்ணாச்சியின் கை தாழவில்லை. "வாத்தியாரே" என்றார் மெல்ல. "இருங்க அண்ணாச்சி" என்றேன்.

கத்தல் தேய்ந்து தேம்பலாயிற்று. ரீத்தா எழுந்து உட்கார்ந்தாள். நீட்டிய கை அங்கேயே இருந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கை எங்கிருந்து வருகிறது என்று தேடுவதுபோல, தோள் வழியாக ஏறி, மிக்கேல் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் அவள் அந்தக் கரையில் எந்த முகத்தையும் பார்த்ததில்லை. எழுந்து வந்து அவர் விரலைத் தொட்டாள். சத்தம் வரவில்லை.

வகுப்பில் "ம்" என்று சொல்லப் பழகியிருந்தாள். நான் வகுத்திருந்த ஒழுங்குப்படி சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டும். ஆனால் முகத்தைத் தேடிக்கொண்டு ஒரு பிள்ளை வந்துவிட்டது. அதைவிடப் பெரிய கேள்வி என்ன இருக்கிறது? "குடுங்க" என்றேன். சொல்லி முடிக்குமுன் மீன் அவள் கையில் இருந்தது. மிக்கேல் அண்ணாச்சி, "தாறேன் தாயி, இந்தா" என்றார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உப்புத் தண்ணி" என்றார், யாரும் கேட்காமலே.

அடுத்த வள்ளத்தில் அவள் அழவில்லை. கை நீண்டது, முகத்தைப் பார்த்தாள், தொட்டாள், வாங்கினாள். அதன் பிறகு வாசல்களிலும் அதுவே வழக்கமாயிற்று. செம்பு நீளும், வாய்க்குப் போகாது. எந்த வீட்டில் எந்தச் சத்தம் போட்டாள் என்று பெண்கள் எனக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள், போட்டி போட்டுக்கொண்டு. திங்கட்கிழமைகள் கல்லாக வருவது நின்றது. திருநாள் கொடி ஏறிய வாரத்தில் "ம்" வளர்ந்து "தா" ஆனது. முதலில் கேட்டவர் ஞானப்பூ. ஒரு குடம் தண்ணீரையும் அன்றே அவளுக்குக் கொடுத்துத் தீர்த்துவிடுவார்போல இருந்தார்.

திருநாள் முடிந்தது. செசீலி அக்கா பாளையங்கோட்டைக்குப் போனார். ரீத்தா மணப்பாட்டுக்குப் போனாள். எனக்கு இருப்புக் கொள்ளாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணப்பாட்டுக்குப் பஸ் ஏறினேன். செசீலி அக்காவின் தங்கை இடுப்பில் ஒன்றும் காலடியில் ஒன்றுமாக வெளியே வந்தார்.

"நீங்கதான் அந்த சாரா? என்ன சார் படிச்சுக் குடுத்திய? விடிஞ்சதுல இருந்து 'தா, தா'ன்னு என் பின்னாலயே வாரா. அவளுக்குத் தண்ணி மோந்து குடுத்தே என் கை ஓஞ்சு போச்சு."

அவ்வளவு இனிமையான புகாரை என் வேலையில் அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். முறை தோற்பதுபோலத் தெரியும்போது, முறையை விடாதீர்கள், ஊரையும் விடாதீர்கள். முறையில் எது எலும்பு, எது தோல் என்று பிரித்துப் பாருங்கள். தோல் நாம் படித்த அறையுடையது, அதை மாற்றலாம். எலும்பை ஒருவருக்காகவும் வளைக்காதீர்கள், கடலில் தள்ளுவேன் என்று சொன்னாலும். அந்த இரண்டையும் பிரிக்கிற பொறுப்பை நமக்குப் பதிலாக எந்தப் புத்தகமும் எடுத்துக்கொள்ளாது.

செசீலி அக்கா பிழைத்துத் திரும்பினார். மெலிந்துபோய் வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். ரீத்தா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத்தான் வெயிலில் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். அம்மாவின் உதடு காய்ந்திருந்தது. ரீத்தா பானையருகே போனாள். தம்ளரில் தண்ணீர் மொண்டு, பாதியைத் தரையில் சிந்திக்கொண்டே கொண்டுவந்தாள். அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து தம்ளரை நீட்டினாள்.

செசீலி அக்கா வாங்கக் கை எடுத்தார். தம்ளர் பின்னால் போனது.

ரீத்தா வாயை இறுக மூடிக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

செசீலி அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு மகளின் விரலைத் தொட்டுச் சொன்னார்:

"தா."